ஐஸில் வந்த மீனும் சாயத்தில் போன ஆறும்

இன்றைய எபிசோட் மீன் பிடிப்பதைப் பற்றியது. அதுவும் உறைஞ்சு போன ஏரி மேல உட்கார்ந்து, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதில் இருந்து தொடங்குது. திருப்பூர்ல இருந்துகிட்டு இதைப் பத்தி என்ன பேசப் போறீங்கன்னு கேக்கலாம். கொஞ்சம் பொறுங்க. இந்தக் கதை கடைசியில் நம்ம வீட்டுக் குழாய்க்கும், நொய்யல் பாலத்துக்கும்தான் வந்து சேரப்போகுது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஏப்ரல், மே மாத வெயிலில், மேலே ஃபேன் அனல் காத்தைச் சுத்திக்கிட்டு இருக்கும்போது, நம்ம ஊர் பனியன் கம்பெனிகளில் முழுக்கை தெர்மல் தைப்பாங்க. குளிர்கால ஆர்டர் கோடையிலேயே கட்டிங் டேபிளுக்கு வந்துவிடும். அந்தத் துணி போய்ச் சேரும் நாடுகளில் ஜனவரி மாதம் ஏரிகள் மேல் மனிதர்கள் நடப்பார்கள். தெளிவான ஐஸ் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுவான கணக்கு. திருகுத் துளைப்பான் மாதிரி ஒரு கருவியை வைத்து ஓட்டை போடுவார்கள். ஒரு முழம் நீளத் தூண்டிலை உள்ளே இறக்கி, ஸ்டூலில் காத்திருப்பார்கள். கீழே ட்ரவுட் இருக்கும்.

மேலே ஏரியே கல்லாகிவிட்டது, கீழே மீன் எப்படி உயிரோடு இருக்கு? தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம். 4 டிகிரி செல்சியஸில்தான் அது அதிக அடர்த்தியாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். அதனால் ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது, அடியில் 4 டிகிரி தண்ணீர் தங்குகிறது. கூடவே, குளிர்ந்த தண்ணீர்தான் அதிக ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல் மட்டத்தில், 0 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டருக்கு 14 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். 30 டிகிரியில் அது கிட்டத்தட்ட பாதி. ட்ரவுட் அந்த ஆக்சிஜனுக்குப் பழகிய மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குச் சிரமம் ஆரம்பிக்கும். இந்த இரண்டு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க: குளிர்ச்சி, ஆக்சிஜன். மீதிக் கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

சென்னைக்கு வந்த ஏரி

தமிழ்நாட்டில் எந்த ஏரியும் ஆள் நடக்கிற அளவுக்கு உறையாது. ஊட்டியிலும் அவலாஞ்சியிலும் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், புல்வெளி வெள்ளையாகும், அவ்வளவுதான். ஆனால் உறைந்த ஏரி ஒன்று சென்னைக்குக் கப்பலில் வந்திருக்கிறது.

சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கடற்கரைச் சாலையில், இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம். ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி 1842ல் அதைக் கட்டினார். மசாசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் ஐஸை அறுப்பார்கள். மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றுவார்கள். 1833ல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்குக்குப் பிறகு, சென்னைக்கும் பம்பாய்க்கும் வியாபாரம் விரிந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் கிளாஸுக்கும், காய்ச்சல் நோயாளிகளின் நெற்றிக்கும் அந்த ஐஸ் போனது. மெஷின் ஐஸ் வந்த பிறகு இந்த வியாபாரம் படுத்துவிட்டது.

இதை ஏன் சொல்றேன்னா, ஐஸ் என்பது அந்தக் காலத்தில் வெறும் குளிர்ச்சி இல்லை. அது நேரத்தை நிறுத்தி வைக்கும் கருவி. மீன்கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முட்டைக்கு ஒரு பாஸ் பட்டன்

ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் தங்கள் ஊரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ரோஜா, உருளைக்கிழங்கு, வேட்டை நாய், கூடவே ட்ரவுட். ஆனால் உயிருள்ள மீனை மூன்று மாதம் கப்பலில் கொண்டுபோக முடியாது. முட்டையாகக் கொண்டுபோகலாம் என்றால், 10 டிகிரித் தண்ணீரில் ட்ரவுட் முட்டை ஒன்றரை மாதத்துக்குள் பொரித்துவிடும். பயணம் முடிவதற்குள் குஞ்சு வந்துவிடும், செத்தும்விடும்.

தீர்வு ஐஸ். குளிர் கூடக் கூட முட்டைக்குள் வளர்ச்சி மெதுவாகும். 1863ல் லண்டனில் ஒரு ஐஸ் கம்பெனியின் நிலவறையில் முட்டைகளைப் பாசியில் பொதிந்து வைத்துச் சோதித்தார்கள். மாதக் கணக்கில் உயிரோடு இருந்தன. அடுத்த ஆண்டு, 1864ல், நார்ஃபோக் என்ற கப்பலில் ஐஸ் அறை கட்டி, சால்மன் முட்டைகளோடு சுமார் 3,000 ட்ரவுட் முட்டைகளையும் ஏற்றினார்கள். ஜேம்ஸ் யூல் என்பவரின் பல ஆண்டு முயற்சி அது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் முட்டைகள் பொரித்தன. தெற்கு அரைக்கோளத்தின் முதல் ட்ரவுட் பரம்பரை அது. அங்கிருந்து நியூசிலாந்துக்கும் போனது.

அதே சமயத்தில் நீலகிரியிலும் ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். பெயர் ஃபிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவர், ஆனால் மனசெல்லாம் மீனில். 1870களில் வெளிவந்த இந்திய மீன்கள் பற்றிய அவருடைய பெரிய நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். இவர் 1863ல் ட்ரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். தோற்றார். அப்போது சூயஸ் கால்வாய் இல்லை. கடல், பாலைவனம், மறுபடி கடல், பிறகு சமவெளி வெயில், கடைசியில் மாட்டு வண்டியில் மலையேற்றம். ஐஸ் எங்காவது ஒரு இடத்தில் தீர்ந்தாலும் கதை முடிந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவரும் அதற்குப் பிறகு முயன்றார். மலையில் ட்ரவுட் நிலைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நீலகிரி ஓடைகளில் மீனே இல்லை, காலியாகக் கிடக்கிறது, அதை நிரப்பணும் என்பதுதான் அன்றைய துரைமாரின் பேச்சு. ஆனால் அதே ஃபிரான்சிஸ் டே 1867ல் ஒரு சின்ன மீனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்துகிறார். விரல் நீளம் இருக்கும் நீலகிரி டேனியோ. அதன் அறிவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மீன். அப்போ ஓடை காலி இல்லை. தூண்டிலில் மாட்டி ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய மீன் இல்லை, அவ்வளவுதான். ஒரே மனிதரின் ஒரு கை அந்த மீனுக்குப் பெயர் வைத்தது, இன்னொரு கை அதைத் தின்னக்கூடிய மீனைக் கொண்டுவர முயன்றது.

ஒரு கார்ப்பெட் கம்பெனி, ஒரு கலெக்டர் ஆபீஸ்

இந்தியாவில் ட்ரவுட் முதலில் உறுதியாகக் கால் ஊன்றிய இடங்களில் ஒன்று காஷ்மீர். அந்தக் கதையில் நம்ம ஊருக்காரங்க ரசிக்கிற மாதிரி ஒரு ஆள் இருக்கார். ஃபிராங்க் மிட்செல். ஸ்ரீநகரில் கார்ப்பெட் ஃபேக்டரி வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆமாம், ஒரு டெக்ஸ்டைல் முதலாளி. பிரிட்டனிலிருந்து வந்த முதல் தொகுதி முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900ல் வந்த அடுத்த தொகுதி தப்பியது. அதில் ஒரு பங்கு அவருடைய ஃபேக்டரி வளாகத்திலேயே வளர்ந்தது. பின்னாளில் காஷ்மீரின் மீன்வளப் பொறுப்பே அவரிடம் வந்தது.

நீலகிரியில் வேலை முடிந்தது ஹெச்.சி. வில்சன் என்பவரால். சென்னை மாகாண அரசு அவரை மீன் வளர்ப்பு நிபுணராக வைத்துக்கொண்டது. அவர் செய்த புத்திசாலித்தனம் இரண்டு. ஒன்று, லண்டனைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்தார். இலங்கையின் நுவரெலியாவில் ஏற்கனவே ட்ரவுட் பழகியிருந்தது. அங்கிருந்து மீன் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனி, நியூசிலாந்து முட்டைகளும் வந்தன. இரண்டு, பிரவுன் ட்ரவுட்டை விட்டுவிட்டு ரெயின்போ ட்ரவுட் பக்கம் போனார். அது கொஞ்சம் கூடுதல் சூட்டைத் தாங்கும். ரெயின்போவின் சொந்த ஊர் பசிபிக் கரை. கலிஃபோர்னியாவிலிருந்து 1883ல் நியூசிலாந்துக்குப் போன மீன் அது. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் ஊர் நினைவாகக் கொண்டாடிய மீன் கடைசியில் இங்கிலாந்து மீனே இல்லை!

1907ல் ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சியில் ஒரு குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. 1823ல் ஏற்பட்ட ஒரு பெரிய நிலச்சரிவால் பெயர் பெற்ற இடம் அது. குளிர்காலம் வந்தால் அங்கே சுறுசுறுப்பு. சினை மீன்களைப் பிடித்து, வயிற்றை மெல்ல நீவி முட்டைகளை எடுப்பார்கள். ஆண் மீனின் விந்தோடு கலந்து, ஓடும் குளிர் நீரில் தட்டுகளில் பரப்பி வைப்பார்கள். உறைபனி விழும் மாதங்கள்தான் அதற்கு நல்ல காலம். அதாவது வெளிநாட்டில் ஐஸுக்கு மேல் தூண்டில் போடுகிற அதே பருவத்தில், நம்ம மலையில் மீன் பிறந்துகொண்டிருந்தது.

அதே 1907ல்தான் சென்னை மாகாண மீன்வளத் துறையின் தொடக்கமான ஃபிஷரீஸ் பீரோவும் வருகிறது. அதன் தலைமையில் ஃபிரடெரிக் நிக்கல்சன். இந்தப் பெயர் கொங்குக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். 1887ல் கோயம்புத்தூர் மாவட்ட மேனுவலைத் தொகுத்தவர் இவர். கிணறு, குளம், காங்கேயம் மாடு, பருத்தி என்று நம்ம பக்கத்து விவசாயத்தைக் கணக்கெடுத்த புத்தகம். கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1890களில் பெரிய அறிக்கை எழுதியவரும் அவரே. நிக்கல்சனுக்கு மீன் என்றால் விளையாட்டு இல்லை, உணவு. கடற்கரை மீனவரின் வருமானம், கருவாடு, மீன் எண்ணெய் என்றே யோசித்தவர். ஆனாலும் அவருடைய துறையிலேயே, மலை மேல் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கான மீனும் வளர்ந்தது.

எந்த விஷம் குற்றம்?

மீன் வந்தால் காவல் வேணும். நீலகிரியில் 1877ல் வேட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு கேம் அசோசியேஷன் தொடங்கினார்கள். 1879ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எப்போது வேட்டையாடலாம், எப்போது மீன் பிடிக்கலாம், யாருக்கு லைசென்ஸ் என்று விதிகள் வந்தன. நல்ல விஷயம்தானே என்று தோணும். பாதிதான் நல்லது. லைசென்ஸ் எடுத்துத் தூண்டில் போடும் துரை விளையாட்டு வீரர் ஆனார். அதே ஓடையில் பொறி வைத்துச் சோத்துக்கு மீன் பிடிப்பவர் திருடர் ஆனார்.

பிறகு 1897ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. அதில் இரண்டு விஷயம் தடை. வெடி வைத்து மீன் பிடிப்பது, விஷம் கலந்து மீன் பிடிப்பது. சில மரக் காய்களை இடித்து ஓடையில் கரைத்து, மீனை மயக்கிப் பிடிக்கும் பழைய முறை நம்ம கிராமங்களில் உண்டு. அது இனிமேல் குற்றம். இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்தின் ஒரு வார்த்தையை மட்டும் பார்ப்போம். மீனைப் பிடிக்கும் அல்லது அழிக்கும் நோக்கத்தோடு தண்ணீரில் விஷம் போட்டால்தான் குற்றம். நோக்கம்தான் எல்லாம். ஒரு கூடை காயை ஆற்றில் கரைத்தவர் மாட்டுவார், ஏனென்றால் அவருக்கு மீன் வேணும். மீனைப் பற்றி நினைக்கவே நினைக்காமல், வேறு வேலைக்கு எடுத்த தண்ணீரில் உப்பும் காரமும் கலந்து வெளியே விட்டால்? இந்தச் சட்டத்தில் அவருக்கு வேலையே இல்லை. ஆற்றுக்குத் தனியாகச் சட்டம் வர 1974 வரை, தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை மனசில் வச்சுக்கிட்டு மலையை விட்டுக் கீழே இறங்குவோம்.

மேலே இருந்து வரும் தண்ணி

1956ல் குந்தா நீர்மின் திட்டம் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் பணமும் பொறியாளர்களும் தந்த நாடு கனடா. ஐஸில் ஓட்டை போட்டு ட்ரவுட் பிடிப்பது சாதாரணப் பொழுதுபோக்காக இருக்கும் நாடு! அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று அணைகள் வந்தன. ட்ரவுட் ஓடைகள் ஏரிகளோடு சேர்ந்தன. அந்தத் தண்ணீர் சுரங்கங்களில் இறங்கி, மின்சாரம் தந்து, பில்லூர் வந்து, பவானி ஆறாக மேட்டுப்பாளையத்தைத் தொடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து? பவானிசாகர், அங்கிருந்து கீழ்பவானி வாய்க்கால், காங்கேயம் பக்கத்து வயல். இன்னொரு பக்கம், குழாய் வழியாகத் திருப்பூர். நம்ம ஊரின் பழைய குடிநீர்த் திட்டங்கள் மேட்டுப்பாளையம் பவானியைத்தான் நம்பியிருந்தன. 2000களில் வந்த பெரிய திட்டம், நாளொன்றுக்கு 185 மில்லியன் லிட்டர் திட்டம், பவானி ஊர்ப் பக்கத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தது. அதில் பெரும் பங்கு சாயப்பட்டறைகளுக்கும் ப்ளீச்சிங்குக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகம் இருக்கா? அந்த மழை கடைசியில் நம்ம குடத்துக்கும் வந்த மழை.

ஒரு நிமிஷம் யோசிங்க. ஊருக்கு நடுவிலேயே ஒரு ஆறு ஓடுது. ஆனா தண்ணிக்கு நாம இன்னொரு ஆற்றுக்குப் போறோம். ஏன்?

நொய்யல்

நொய்யல் வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக, சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. அணைக்கட்டுகளும் குளங்களும் சங்கிலி மாதிரி கோர்த்த ஆறு. கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை என்று நம்ம சமவெளி மீன்களின் ஆறு. இந்த மீன்களுக்கு யாரும் ஐஸ் அறை கட்டவில்லை, லைசென்ஸ் அச்சடிக்கவில்லை, பொரிப்பகம் வைக்கவில்லை. அவை அதுபாட்டுக்கு இருந்தன.

1980களில் எக்ஸ்போர்ட் பறந்தது. பருத்தித் துணியில் சாயம் ஒட்ட உப்பு வேணும், நிறைய வேணும். பழைய வின்ச் மெஷினில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் போகும். சாயம் துணியில் பாதி நின்றாலும், உப்பு முழுசாக வெளியே வந்துவிடும். சாக்கடையின் கலரைப் பார்த்து இந்த சீசன் ஃபேஷன் கலரைச் சொல்லலாம் என்று ஊரில் ஜோக் அடித்த காலம் அது. சிரிக்கிற ஜோக் இல்லை.

1992ல் ஒரத்துப்பாளையத்தில், விவசாயத்துக்காக நொய்யலின் குறுக்கே அணை கட்டினார்கள். வந்து தேங்கியது சாயக்கழிவு. மீன்கள் செத்து மிதந்தன. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று கேட்ட அணை இதுவாகத்தான் இருக்கும். மழை பெய்தால் அணையைக் கழுவிவிட்டுவிடுவார்களோ என்ற பயம் கரூர் வரைக்கும் இருந்தது.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006ல், கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்ற நிலைக்கு வரச் சொன்னது. 2009ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம் நின்றது. அப்படியும் ஆறு மாறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

அந்த மாதங்களைத் திருப்பூர் மறக்காது. துணி சாயத்துக்கு வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் லாரியில் போனது. செக்கிங், பேக்கிங் வரைக்கும் வேலை அறுந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்கு பஸ், ரயில் ஏறினார்கள். ஆற்றைக் கெடுத்த லாபத்தில் அவர்களுக்குப் பெரிய பங்கு கிடையாது. நிறுத்தியதன் செலவில் மட்டும் முதல் பங்கு. இதைச் சொல்லாமல் நொய்யல் கதையை முழுசாகச் சொன்னதாக ஆகாது.

பிறகு, பூஜ்யக் கழிவு முறையோடு பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. ஆர்.ஓ. மூலம் தண்ணீரை மீட்டு மறுபடியும் சாயத்துக்கே அனுப்புவது, மிஞ்சிய உப்புக் கரைசலை ஆவியாக்குவது. இந்த அளவுக்கு ஒரு முழு டெக்ஸ்டைல் ஊரே மாறியது உலகத்திலேயே அபூர்வம். அதுக்கு நாம பெருமைப்படலாம். அதே நேரம், எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது என்பதும் உண்மை. சாயம் குறைந்த நொய்யலில் இப்போது கோவை, திருப்பூர் இரண்டு ஊர்ச் சாக்கடையும் ஓடுகிறது என்பதும் உண்மை.

96 மணி நேர ஆடிட்டர்

கம்பெனியில் வேலை பார்க்கிறவங்களுக்கு ஆடிட் என்றால் தெரியும். பையர் பக்கத்திலிருந்து ஆள் வருவார், ஃபைல் பார்ப்பார், ஃபயர் எக்ஸிட் பார்ப்பார், போவார். மீனை ஆடிட்டராக வைத்த நாடுகள் உண்டு.

கனடாவில் 1992ல் காகித ஆலைகளுக்கு ஒரு விதி வந்தது. ஆலையின் கழிவுநீரைக் கலப்படம் இல்லாமல் அப்படியே தொட்டியில் நிரப்பி, ரெயின்போ ட்ரவுட்டை விடுவார்கள். 96 மணி நேரம். பாதிக்கு மேல் செத்தால், அந்தத் தண்ணீர் கொல்லும் தண்ணீர் என்று அர்த்தம். ஏன் ட்ரவுட்? நாம முதலில் பேசிய அதே காரணம்தான். ஆக்சிஜன் குறைந்தாலும், சூடு கூடினாலும், விஷம் சேர்ந்தாலும் முதலில் தடுமாறும் மீன்களில் அதுவும் ஒன்று.

இந்தியாவிலும் இதே மாதிரி ஒரு வரி இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரங்களில், கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1897ன் கேள்வி, உன் நோக்கம் என்ன என்பது. இந்த வரியின் கேள்வி வேறு: மீன் இருக்கா, செத்துதா? சட்டம் ஒரு நூற்றாண்டில் நகர்ந்த தூரம் இது. நொய்யலில் சாயம் ஓடிய வருஷங்களில் இப்படி ஒரு அளவுகோல் கையில் இருந்தும், கடைசியில் கிணறு வற்றாமலே உப்பான விவசாயிகள்தான் கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

இதுக்காக ட்ரவுட்டை ஹீரோவாக்கிவிட வேண்டாம். நீலகிரி டேனியோ இன்று அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. வாழிடம் அழிவதோடு, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. ஒரு ஓடை சுத்தமாக இருக்கிறது என்பதற்கு ட்ரவுட் அடையாளமாக இருக்கலாம். அந்த ஓடை அதனுடைய சொந்த மீன்களோடு முழுசாக இருக்கிறது என்பதற்கு இல்லை.

இந்தக் கதையில் எனக்குப் பெரிசாகத் தெரிவது ஒன்றுதான். ட்ரவுட்டைக் கொண்டுவர நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. தோற்றுத் தோற்றுத் திரும்ப முயன்றார்கள். ஐஸ், கப்பல், சட்டம், சம்பளம், பொரிப்பகம் எல்லாம் ஒரு மீனுக்காக. அந்த மீனை விரும்பியவர்கள் கையில் அதிகாரம் இருந்தது. கெண்டையையும் அயிரையையும் விரும்பியவர்கள் கையில் அது இல்லை. ஒரு ஆறு பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் தண்ணீரின் குணத்துக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு இதற்கும் உண்டு.

இப்போ அந்த நிலைமை கொஞ்சம் மாறியிருக்கு. நம்ம ஊரை ஒட்டிய நஞ்சராயன் குளம், நொய்யலில் சேரும் நல்லாற்றின் மேல் இருக்கும் குளம், 2022ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் பல வருஷம் விடாமல் பேசியதன் பலன் அது. கூழைக்கடாவும் பாம்புத்தாராவும் அங்கே வருவது காட்சிக்காக இல்லை, மீனுக்காக. குளத்தில் மீன் இல்லை என்றால் ராம்சார் போர்டு வைத்தாலும் அவை வராது.

அதனால இந்த வாரக் கடைசியில் நேரம் கிடைச்சா, ஒரு காலையில அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. பறவை எதைக் கொத்திக்கிட்டு எழும்புதுன்னு கவனிங்க. ஜிலேபிக் கெண்டையா, வேற ஏதாவதா? ஜிலேபின்னா அதுவும் ட்ரவுட் மாதிரி வெளியூரிலிருந்து வந்த மீன்தான், ஆப்பிரிக்காக்காரன். கெளுத்தியோ விராலோ தெரிஞ்சா, எந்த இடம், எந்த மாசம்னு எழுதி வைங்க. ஃபிரான்சிஸ் டே காலத்தில் இந்தக் கணக்கை ஒரு ராணுவ டாக்டர் தனியாக எழுதினார். நொய்யலின் மீன் கணக்கை இனிமேல் நாமதான் எழுதணும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.